இரண்டு நாள் கருத்தரங்கு, திரும்பி வராத ₹31,000

தென்மாவட்டக் கல்லூரிகளில் சங்க இலக்கியம் நடத்தும் ஆசிரியர்களையும் ஆய்வாளர்களையும் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு நாள் கூட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. 60 பேர் கட்டுரை வாசிக்க, 60 பேர் பார்வையாளராக, மொத்தம் 120 பேர் பதிவு. ஒருங்கிணைப்பாளர் என்று அழைப்பிதழில் ஒரு பெயர் போட்டுவிட்டால் அதன்பிறகு எல்லா வேலையும் அந்த ஒருவர் தலையில்தான். உதவிக்குழு என்று அச்சான பத்துப் பெயர்களுக்கும் அவரவர் வகுப்பும் வீடும் இருக்கின்றன. என் கையிலிருந்து ₹1,40,000 வரை புரட்டிப் போட்டேன். கணக்கெல்லாம் முடிந்தபோது ₹31,000 திரும்பவில்லை. அதைவிட மனதை வருத்தியது வேறொன்று. எல்லோரும் உட்கார்ந்து சங்க நூலான ஐங்குறுநூற்றை வரி வரியாக வாசிக்க வைத்திருந்த 90 நிமிட அமர்வு, தொடக்கவிழா நீண்டதால் 40 நிமிடமாகச் சுருங்கியது. இந்தக் கூட்டத்தை நடத்த ஆசைப்பட்டதே அந்த அமர்வுக்காகத்தான். அடுத்து இந்தப் பொறுப்பை ஏற்கப் போகிறவர்களுக்கு, நடந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் தேதி. நிதி ஒப்புதல் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான் கைக்கு வரும். உடனே மார்ச்சில் நடத்திவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். மார்ச் 31 நிதியாண்டு முடிவு. நிதிப்பிரிவில் அந்த மாதம் எல்லாத் துறையின் பில்லும் குவிந்து கிடக்கும். மார்ச் 20-க்குப் பிறகு கொடுக்கும் பில் அந்த ஆண்டுக் கணக்கில் ஏறாமல் போனால், அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகத் தனி அனுமதி, தனிக் கடிதம், தனி அலைச்சல். பிப்ரவரி முதல் பாதியில் கருத்தரங்கை முடித்து, மாதக் கடைசிக்குள் பில்லைக் கொடுத்துவிடும்படி திட்டமிடுங்கள். இல்லையென்றால் ஆகஸ்ட், செப்டம்பர். நவம்பரிலும் ஏப்ரலிலும் பருவத்தேர்வும் விடைத்தாள் திருத்தமும் இருப்பதால் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓ.டி., அதாவது விடுப்பில் கழியாமல் பணியாகவே வெளியே போக அனுமதி, கிடைக்காது. பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

ஒப்புதல் கடிதம் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு நிதிப்பிரிவுக்குப் போய் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்பது. நிதி தரும் நிறுவனங்கள் பலவும் ஒரு பகுதியை முன்னால் தந்து, மீதியை, பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போன பிறகே விடுவிக்கின்றன. முன்னால் வரும் பகுதியும் நேரே நம் கைக்கு வராது. பல்கலைக்கழகக் கணக்கில் விழுந்து, துறையின் விண்ணப்பத்தின் பேரில் அங்கிருந்து நகர வேண்டும். எனக்கு அது கருத்தரங்கு முடிந்த பிறகுதான் நகர்ந்தது. சமையல்காரருக்கும் அச்சகத்துக்கும் முன்பணம் கொடுக்காமல் வேலை தொடங்காது என்பதால் கைப்பணம் போட வேண்டி வந்தது. இரண்டு, எந்தத் தொகை வரை கொட்டேஷன் இல்லாமல் வாங்கலாம், எதற்கு மேல் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது. இது இடத்துக்கு இடம் மாறும், அவ்வப்போது திருத்தப்படும். பழைய கோப்பைப் பார்த்து அனுமானிக்க வேண்டாம். மூன்று, எந்தெந்தத் தலைப்பில் செலவு செய்யலாம் என்பது. பட்டியலில் இல்லாத தலைப்பில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. "சார், நினைவுப் பரிசுக்கு ஹெட் இல்லையே" என்று எழுத்தர் சொன்னபோது நினைவுப் பரிசுகள் விருந்தினர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. நிதி கேட்டுக் கருத்துரு எழுதும்போதே, 'விருந்தினர் சிறப்பிப்பு', 'தபால் செலவு', 'இதர செலவு' என்று தனித்தனி வரிகளாகப் போட்டுத் தொகையும் குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

அடுத்தது கருத்தரங்கின் பொருள், அதாவது அதன் தலைப்பு. கருத்தரங்கின் தரத்தை முடிவு செய்யும் இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். செம்மொழி நிதியை எதிர்பார்த்து எழுதும் கருத்துரு, 41 செவ்வியல் நூல்களுக்குள் நிற்பது நல்லது. தொல்காப்பியம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, சிலப்பதிகாரம், மணிமேகலை, முத்தொள்ளாயிரம், இறையனார் களவியல் எல்லாம் சேர்ந்து 41. ஆனால் 'செவ்வியல் இலக்கியங்களில் வாழ்வியல்' என்று அகலமாகத் தலைப்பு வைத்தால், சங்க இலக்கியத்தில் மேலாண்மை, சங்க இலக்கியத்தில் மருத்துவம், சங்க இலக்கியத்தில் விருந்தோம்பல் என்று ஏற்கெனவே எங்கோ வாசித்த கட்டுரைகளே பெயர் மாறி வந்து சேரும். ஒரே நூல், அதிலும் ஒரு பகுதி என்று குறுக்குங்கள். நாங்கள் ஐங்குறுநூற்றை எடுத்தோம். மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார் என்று திணைக்கு நூறாக ஐந்து புலவர். மூன்று முதல் ஆறு அடிக்குள் பாட்டு முடிந்துவிடும். பத்துப் பத்தாகப் பிரிந்திருப்பதால் ஒருவருக்கு ஒரு பத்து என்று கட்டுரை ஒதுக்கலாம். கல்லூரிப் பாடத்திட்டங்களிலும் ஏதாவது ஒரு பத்து இருக்கும் என்பதால் நடத்தும் ஆசிரியர்களுக்கும் நேரடிப் பயன்.

அழைப்பை அனுப்பும்போது ஒரு பக்க ஆய்வுச்சுருக்கம் மட்டும் கேளுங்கள். அதில் மூன்று விவரம் கட்டாயம்: எந்தப் பத்து, எந்தப் பதிப்பு, என்ன கேள்வி. பதிப்பைக் கேட்பது மிக முக்கியம். உ.வே.சாமிநாதையர் 1903-இல் பழைய உரையோடு வெளியிட்ட பதிப்பு, 1940-இல் வையாபுரிப் பிள்ளை மேற்பார்வையில் வந்த சைவ சித்தாந்த மகா சமாஜப் பதிப்பு, ஔவை துரைசாமிப் பிள்ளை உரை ஆகியவற்றில் எதையாவது புரட்டியவர் எழுதும் சுருக்கம் வேறு மாதிரி இருக்கும். நூலைத் திறக்காமல் எழுதியதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. நெய்தலில் கிழவற்கு உரைத்த பத்தின் கடைசி இரண்டு பாட்டு, 129-ம் 130-ம், கிடைக்கவில்லை. அந்தப் பத்தைப் பற்றிய கட்டுரை "இப்பத்துப் பாடல்களிலும்" என்று தொடங்கினால் திருப்பி அனுப்பிவிடலாம். வந்த சுருக்கங்களை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஏற்பு, திருத்தம், மறுப்பு என்று குறிக்க வேண்டும். மறுக்கும்போது ஒரு வரி காரணமும் எழுதுங்கள். நாளைக்குப் பரிந்துரைத் தொலைபேசி வரும்போது அந்த ஒரு வரிதான் நம்மைக் காப்பாற்றும்.

ஏன் இத்தனை பேர் முண்டியடிக்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கருத்தரங்கில் இரண்டு கட்டுரை வாசித்திருக்க வேண்டும், ஆய்விதழில் ஒன்று வெளியிட்டிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2016-ஆம் ஆண்டு விதிமுறை சொன்னது. 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தம் சொந்த விதிகளில் அதை வைத்திருக்கின்றன. ஆசிரியர்களுக்குப் பணி மேம்பாட்டு மதிப்பெண் வேறு. சான்றிதழுக்காக வருகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு அது தேவை. அந்தத் தேவையை மதித்து, அதே நேரம் அவரை நூலுக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நம் வேலை.

கட்டுரைகள் வரத் தொடங்கியதும் இரவுத் தூக்கம் போவது எழுத்துருவால். யூனிகோடில் மட்டும் அனுப்புங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டாலும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் சிலர் அனுப்பத்தான் செய்வார்கள். மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றியபின் வரும் பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் தட்டி, எழுத்தைப் பிறகு தட்டுவோம். யூனிகோடில் எழுத்து முதலில், குறி பிறகு. இந்த வரிசை மாற்றத்தில் 'கொ' என்பது 'கெ'யும் காலுமாகப் பிரிந்து உட்காரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் பல மென்பொருளில் சிக்காது. ஔகாரத்தில் இன்னும் தொல்லை. 'மௌனம்' என்பதில் குறிக்குப் பதிலாக ளகர எழுத்தே வந்து நிற்கும். மொத்தமாகத் தேடி மாற்றலாம் என்று நினைத்தால் 'தெளிவு', 'வெள்ளம்' எல்லாம் கெட்டுவிடும். பௌத்தம், மௌனம், கௌரவம், சௌகரியம் என்று சொல் சொல்லாகத்தான் தேட வேண்டும். காலுக்குப் பதில் ரகரம் தட்டியிருப்பது தனிப் பிழை. கட்டுரைக்குள் வரும் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறிகளும் பாமினி மாற்றத்தில் பொருளற்ற தமிழாகும் என்பதால் அந்த இடங்களை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செய்யுள் மேற்கோள்கள்தான் அதிகம் சிதையும். அடி முறிவு போய் உரைநடை மாதிரி ஓடிவிடும். மேற்கோள் ஒவ்வொன்றையும் பாட்டெண்ணோடு அச்சுப் பதிப்பில் ஒப்பிடாமல் விடாதீர்கள். ஒரு கட்டுரைக்கு இந்த வேலை மட்டும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். யூனிகோடு அல்லாதது வந்தால் அன்றே திருப்பி அனுப்பி, ஒரு வாரம் அவகாசம் கொடுப்பதுதான் வழி. அச்சகத்தில் இன்டிசைனில் பக்கம் அமைப்பவரிடம் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் யூனிகோடுத் தமிழை ஒட்டினால் கொம்பும் எழுத்தும் இடம் மாறி நிற்கும்.

கட்டுரைத் தொகுப்பைக் கருத்தரங்கு அன்றே வெளியிட வேண்டுமா என்று யோசியுங்கள். 60 கட்டுரை, ஒன்றுக்கு ஆறு ஏ4 பக்கம் என்றால் 360 பக்கம். நூல் அளவில் அது ஐந்நூறைத் தொடும். அச்சகம் 20 முதல் 25 நாள் கேட்கும். மெய்ப்புக்கு அதே அளவு. ஆக, முழுக்கட்டுரை 60 நாள் முன்னால் கையில் இருந்தாக வேண்டும், அது நடப்பதில்லை. அவசரத்தில் மெய்ப்புப் பார்க்காத தொகுப்பு வெளிவந்து, ஓரம்போகியார் பாட்டு அம்மூவனார் பெயரில் நூலகத்துக்குப் போய்விடும். கருத்தரங்கில் ஆய்வுச்சுருக்கத் தொகுப்பை மட்டும் கொடுத்து, விவாதத்தில் சொன்ன திருத்தங்களைச் சேர்த்து வாங்கி மூன்று மாதம் கழித்து நூலாக்குவதே நல்லது. நூலுக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குப் பணம் கேட்பவர்கள் தேடி வருவார்கள். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை இணையவழியே இலவசமாகத் தருகிறது. பல்கலைக்கழகப் பதிப்புத்துறை ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் அவர்களிடமே கேட்டுப் பெறலாம். கட்டுரைகளை ஆய்விதழ்ச் சிறப்பிதழாகப் போட்டுத் தருகிறோம், கட்டுரைக்கு இவ்வளவு என்று வரும் அழைப்புகளிலும் கவனம் வேண்டும். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லிவந்த யு.ஜி.சி. கேர் பட்டியலே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

நிகழ்ச்சி நிரலுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு அமர்வு 90 நிமிடம். ஐந்து கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம் பேச, நான்கு நிமிடம் கேள்விக்கு, அமர்வுத் தலைவருக்குப் பத்து நிமிடம். இதற்கு மேல் ஒரு கட்டுரை சேர்த்தாலும் கேள்வி நேரம்தான் பலியாகும். முதல் நாள் பிற்பகல் இரண்டு அமர்வு, இரண்டாம் நாள் மூன்று. அதில் ஒன்றை எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் அமர்வுக்கு விட்டால் மீதி நான்கு. ஓர் அரங்குக்கு 20 கட்டுரை, மூன்று அரங்குக்கு 60. அதற்கு மேல் ஏற்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று குறையும். தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறி வந்தவரை ஐந்து நிமிடத்தில் மணி அடித்து உட்கார வைப்பதைப் பார்க்க மனசு பொறுக்காது. எண்ணிக்கை காட்டுவதற்காகக் கட்டுரைகளை ஏற்பதை நான் முழுமையாக எதிர்க்கிறேன்.

அரங்குகளைப் பொறுத்தவரை, இணை அரங்குகள் இரண்டும் சாதாரண வகுப்பறையாக இருக்கும். மைக் இருக்காது, மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்காது. கையடக்க ஒலிபெருக்கி இரண்டை முந்திய நாளே வாடகைக்கு எடுத்துச் சோதித்துப் பாருங்கள். படக்காட்சிகளை முந்திய இரவுக்குள் பி.டி.எஃப்.-ஆக வாங்கி ஒரே கணினியில் அமர்வு வாரியாகப் போட்டுவிடுங்கள். சொந்தக் கணினியில் தெரிந்த தமிழ் அரங்கக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும், அதைச் சரிசெய்யும் பத்து நிமிடத்தில் ஒருவர் கட்டுரையே போய்விடும்.

தொடக்கவிழாதான் மொத்த நேரத்தையும் விழுங்கும் இடம். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 நொடி. அதன்பிறகு வரவேற்புரை, நோக்கவுரை, தலைமையுரை, தொடக்கவுரை, மூன்று வாழ்த்துரை, நன்றியுரை, நடுவில் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம். மேடையில் எட்டுப் பேர் என்றால் சிறப்பிப்பு மட்டும் 20 நிமிடம். சிறப்பு விருந்தினருக்கு வேறு கூட்டம் இருந்து முக்கால் மணி நேரம் தாமதமானால் அன்றைய காலை முடிந்தது. எங்களுக்கு நடந்தது இதுதான். வாசிப்பு அமர்வைத் தொடக்கவிழாவை ஒட்டி 11.15-க்கு வைத்திருந்தோம். விருந்தினர் கிளம்பியபோது மணி 12-ஐத் தாண்டியிருந்தது, ஒரு மணிக்குச் சாப்பாடு. கையில் பாட்டுத் தாளோடு காத்திருந்த ஆசிரியர்களின் முகத்தைப் பார்க்கக் கூசியது. வாழ்த்துரையை ஒன்றாகக் குறையுங்கள். பொன்னாடைக்குப் பதில் எல்லோருக்கும் ஒரு நூலை, மேடை ஏறும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். மிக முக்கியமாக, நீங்கள் உயிராக நினைக்கும் அமர்வைத் தொடக்கவிழாவுக்கு அடுத்து வைக்காதீர்கள். இரண்டாம் நாள் காலை 9.30 தான் அதற்கான இடம். அப்போது விருந்தினரும் இல்லை, ஊருக்குப் போகும் அவசரமும் இல்லை.

அந்த வாசிப்பு அமர்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வந்தவர்கள் பிறகு கேட்டு எழுதியதெல்லாம் இதைப் பற்றித்தான். நெய்தலில் வெள்ளாங்குருகுப் பத்தை எடுத்துக்கொண்டோம். பத்துப் பாட்டுக்கும் முதல் இரண்டு அடி ஒன்றே: "வெள்ளாங் குருகின் பிள்ளை செத்தெனக், காணிய சென்ற மடநடை நாரை". அதனால் ஒவ்வொரு பாட்டிலும் புதிதாகப் படிக்க வேண்டியது இரண்டு மூன்று அடிதான், 90 நிமிடத்தில் பத்தும் முடியும். 'செத்தென' என்பதை இறந்ததாக என்று கொள்வதா, அதுவென்று கருதி என்று கொள்வதா என்ற கேள்வியிலேயே அரங்கம் சூடாகிவிடும். ஒவ்வொருவருக்கும் ஏ3 தாளை மடித்து ஒரு மடிப்பு. இடப்பக்கம் பாட்டு சீர் அமைப்பில், வலப்பக்கம் சொல் பிரித்து, கீழே பாட்டின் சூழலைச் சொல்லும் துறை. உரையை அச்சிடக் கூடாது. உரை இருந்தால் எல்லோரும் அதையே வாசிப்பார்கள். நான்கு பேர் கொண்ட குழு, குழுவுக்கு ஒரு பாட்டு, 15 நிமிடம். அவர்கள் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: யார் யாரிடம் பேசுகிறார், நாரையின் செயல் தலைவனின் எந்தச் செயலை மறைமுகமாகச் சுட்டும் இறைச்சிப் பொருளாகிறது, இதை இரண்டாமாண்டு மாணவருக்கு எந்த இடத்தில் தொடங்கி நடத்துவீர்கள். பிறகு உரையாசிரியர் சொல்வதை ஒருவர் வாசிக்க, வேறுபட்ட இடங்களைப் பேச வேண்டும். இதற்கு நெறியாளர் ஒருவர் வேண்டும். நீளப் பேசுகிற பெரியவரைவிட, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்த ஆசிரியரே பொருத்தம். 40 நிமிடத்தில் நான்கு பாட்டுக்கு மேல் போக முடியவில்லை. அந்த நான்கு பாட்டுக்கு இருந்த உயிர்ப்பு மற்ற எந்த அமர்வுக்கும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். மதியச் சாப்பாடு, இரண்டு வேளை தேநீர், சிற்றுண்டி சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ₹250 என்று பேசி 120 பேருக்கு இரண்டு நாளைக்கு ₹60,000 ஒதுக்கினோம். முதல் நாள் பதிவு செய்யாதவர்களும் வந்தார்கள். மாணவர்கள், ஓட்டுநர்கள், மைக் போட்டவர்கள் எல்லோரும் சாப்பிடத்தானே வேண்டும். இரண்டாம் நாள் கூடுதலாகச் சமைக்கச் சொன்ன ₹6,800 ஒதுக்கீட்டைத் தாண்டியது என்று வெட்டப்பட்டது. நல்ல வழி இது: சமையல்காரரிடம் பதிவானதில் 85 விழுக்காட்டை உறுதி எண்ணிக்கையாகச் சொல்லுங்கள், காலை பத்தரை மணிக்குத் தலையெண்ணி இறுதி எண்ணிக்கை தருகிறேன் என்று பேசிக்கொள்ளுங்கள். சாதமும் சாம்பாரும் ஒரு மணி நேரத்தில் கூட்டிக்கொள்ள முடியும். பாயசம், பொரியல்தான் முடியாது, அதை முதலிலேயே கொஞ்சம் தாராளமாக வையுங்கள். இரண்டாம் நாள் மதியம் எண்ணிக்கை எப்போதும் குறையும், அதைக் கணக்கில் கொள்ளுங்கள். குடிநீர்க் கேன் அரங்குக்கு ஒன்று தனியாக. நீரிழிவு உள்ள மூத்த ஆசிரியர்கள் நிறையப் பேர் வருவார்கள், சர்க்கரை இல்லாத தேநீரும் ஒன்றேகாலுக்கு மேல் தள்ளாத சாப்பாடும் அவர்களுக்கு அவசியம்.

சொற்பொழிவாளர்களுக்குப் பணம் தரும் விஷயத்தில் கூச்சம் பார்க்க வேண்டாம். அழைப்புக் கடிதத்தோடு ஒரு படிவத்தையும் அனுப்பி, வங்கிப் புத்தக முதல் பக்கம், பான் எண், எந்த வழியில் வருகிறார் என்பதை முன்பே வாங்கிவிடுங்கள். ரயில் என்றால் எந்த வகுப்பு வரை அனுமதி என்று கடிதத்திலேயே எழுதுங்கள். காரில் வந்தால் வண்டி எண், தேதி, தொடக்கமும் முடிவுமான கிலோமீட்டர், ஓட்டுநர் கையெழுத்து நான்கும் பில்லில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்த ₹7,200 எனக்கு வரவில்லை. ₹5,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்தை அவர் பேசுவதற்கு முன்பே வாங்குங்கள். பேசி முடித்ததும் மாணவர்கள் சூழ்ந்துகொள்வார்கள், அப்படியே கார் ஏறிவிடுவார். பிறகு அந்தத் தாள் தபாலில் போய்த் திரும்ப ஒரு மாதம். விருந்தினர் விடுதி அறை உறுதியானதைக் கடிதமாக வைத்திருந்தாலும், வேறு பெரிய விருந்தினர் வந்தால் நமக்குக் கொடுத்த அறை கைமாறும். எங்களுக்குக் கடைசி நேரத்தில் வெளி லாட்ஜில் ₹3,000 போனது. முன்னெச்சரிக்கையாகக் கருத்துருவிலேயே 'தங்குமிடம், வளாகத்திலோ வெளியிலோ' என்று எழுதுங்கள்.

சான்றிதழில் பெயர்ப்பிழை வராத கருத்தரங்கே இல்லை. பதிவுப் படிவத்தில் "சான்றிதழில் வர வேண்டியபடி பெயர், முன்னெழுத்து" என்று தனிக் கட்டம் வையுங்கள், அதை அப்படியே நகலெடுங்கள். கட்டுரை வாசித்தவருக்கு ஒன்று, பங்கேற்றவருக்கு ஒன்று, இவை தவிர ஓ.டி.க்காக இரண்டு நாளும் வருகை தந்தார் என்ற சான்று தனி. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் கல்லூரியில் விடுப்பாகக் கழித்துவிடுவார்கள். சான்றிதழை முதல் நாளே கொடுத்தால் இரண்டாம் நாள் மதியம் அரங்கம் காலியாகும், கடைசி நிமிடம் வரை பிடித்து வைத்தால் தூரத்துக்காரர்கள் வண்டியைத் தவறவிடுவார்கள். அமர்வு முடிந்தவுடன் அந்த அமர்வுத் தலைவர் கையாலேயே வாசித்தவர்களுக்குக் கொடுப்பதும், பங்கேற்புச் சான்றை இரண்டாம் நாள் மூன்றரை மணிக்கு மேசையில் கொடுப்பதும் ஓரளவு நியாயமான ஏற்பாடு. கடைசி அமர்வில் நல்ல கட்டுரைகளை வையுங்கள், அப்போதுதான் ஆள் இருக்கும்.

எல்லோரும் போனபிறகு இருக்கும் வேலைதான் அதிகம் தனிமையானது. அரங்கைப் பூட்டியதோடு உதவிக்கு வந்தவர்கள் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். பில் எல்லாம் பல்கலைக்கழகத்தின் எந்தப் பதவியின் பெயரில் இருக்க வேண்டும் என்று கேட்டு, அந்தப் பெயரிலேயே வாங்குங்கள். ஒருங்கிணைப்பாளர் பெயரில் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். தேதி ஒப்புதல் கடிதத் தேதிக்குப் பிறகு இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண், பில் எண், கடை முத்திரை, கொடுத்த தொகைக்கு வங்கிப் பரிமாற்றச் சான்று எல்லாம் ஒரே தாளில் ஒட்டி, பின்புறம் எதற்காக வாங்கியது என்று ஒரு வரி எழுதி, துறைத்தலைவர் ஒப்பம் பெற்று, வரிசை எண் இடுங்கள். மத்திய அரசு நிதியென்றால் பயன்பாட்டுச் சான்றிதழ் மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் போக வேண்டும், அதோடு தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கை, நிகழ்ச்சி அறிக்கை, புகைப்படங்கள், பங்கேற்றோர் கையெழுத்துப் பட்டியல். கையெழுத்துப் பட்டியலை இரண்டு நாளும் முற்பகல், பிற்பகல் என்று நான்கு தாளாக வாங்குங்கள். சாப்பாட்டு பில்லில் உள்ள எண்ணிக்கையும் அந்தப் பட்டியலும் ஒத்துப்போகிறதா என்றுதான் தணிக்கையில் முதலில் பார்க்கிறார்கள்.

எனக்கு வெட்டப்பட்டது இப்படி: பொன்னாடையும் நினைவுப் பரிசும் ₹9,500, கார் ₹7,200, கூடுதல் சாப்பாடு ₹6,800, தொகுப்பை வராதவர்களுக்கு அனுப்பிய தபால் ₹4,500, லாட்ஜ் ₹3,000. மீதிப் பணம் ஓராண்டுக்கு மேல் இழுத்துத்தான் வந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் பட்ட சங்கடத்தை எழுத விருப்பமில்லை. உங்களுக்கு முன்பணம் வரவில்லை என்றால், துறைத்தலைவர் வழியாகப் பதிவாளருக்கு 'முன்பணம் கிடைக்கும்வரை நிகழ்ச்சியைத் தள்ளி வைக்க அனுமதி' என்று ஒரு கடிதம் கொடுங்கள். தள்ளி வைக்க யாரும் விரும்பமாட்டார்கள், பணம் நகரும். அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக் கோப்பில் முதல் தாளாக வையுங்கள். முழுக் கோப்பையும் ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு தாளையும் இருபுறமும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். அசல் கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகையில் காணாமல் போவதுண்டு, அப்போது கேட்கப்படுவது ஒருங்கிணைப்பாளரிடம்தான்.